மருத்துவ உதவியுடனான மரணம்: எத்தனை பூட்டுப் போட்டால் போதும்?

வாசகர் கேள்வி, 2025 ஜூலை 5, காலை 9.10

தீராத நோயால் இறந்துகொண்டிருப்பவர் தாமே கேட்கிறார். இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே பரிசோதிக்கிறார்கள். இரண்டு சாட்சிகள் கையெழுத்திடுகிறார்கள். காத்திருப்புக் காலமும் உண்டு. இத்தனை பூட்டுகள் தொங்கும்போதும் ஆபத்து, ஆபத்து என்று எழுதுகிறவர்கள் எந்த ஆபத்தைச் சொல்கிறார்கள்? சமய நம்பிக்கையைத் தவிர வேறு காரணம் இருந்தால் சொல்லுங்கள்.

ஜூலை 5, இரவு 10.25

சமயத்தை விட்டுவிடுகிறேன், எனக்கும் அதற்கும் தொடர்பில்லை. பூட்டுகளை எண்ணுவதற்கு முன்பு எந்தக் கதவைப் பற்றிப் பேசுகிறோம் என்பது தெளிவாக வேண்டும், ஏனெனில் ‘கருணைக்கொலை’ என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு செயல்களைத் திணித்து வைத்திருக்கிறோம். பலன் தராத சிகிச்சையை நிறுத்திவிட்டு நோயை அதன் போக்கில் விடுவது ஒன்று. மருத்துவர் மருந்தை எழுதித் தர, நோயாளி தம் கையாலேயே உட்கொள்வது இரண்டாவது. மருத்துவரே மருந்தைச் செலுத்துவது மூன்றாவது.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 1994இல் வாக்கெடுப்பில் வென்று 1997இல் நடைமுறைக்கு வந்த சட்டம் இரண்டாவதை மட்டுமே அனுமதிக்கிறது. 2002இல் சட்டம் நடைமுறைக்கு வந்த நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும், 2016இல் சட்டம் இயற்றிய கனடாவிலும் பெரும்பாலும் நடப்பது மூன்றாவது. இந்த வேறுபாட்டை வெறும் நடைமுறை விவரம் என்று ஒதுக்க முடியாது. ஓரிகனில் மருந்துச்சீட்டு பெற்றவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் அம்மருந்தை உட்கொள்வதேயில்லை. சிலர் அதற்குள் நோயினால் இறந்துவிடுகிறார்கள். சிலருக்கு அது கைவசம் இருக்கிறது என்ற நிம்மதியே போதுமானதாக இருக்கிறது. கடைசித் தாழ்ப்பாள் அவர்கள் கையிலேயே இருக்கிறது. மருத்துவர் நாள் குறித்து, வீட்டுக்கு வந்து, உறவினர் சுற்றி அமர்ந்திருக்கும்போது ‘இன்று வேண்டாம்’ என்று சொல்வதற்கு வேறு வகையான துணிவு வேண்டும் என்று நினைக்கிறேன்.

எண்ணிக்கையும் இதைத்தான் காட்டுகிறது. ஓரிகனில் மொத்த மரணங்களில் இவ்வகை மரணம் கால் நூற்றாண்டுக்குப் பிறகும் ஒரு விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. நெதர்லாந்தில் 2024இல் 9,958 பேர், அதாவது 5.8 விழுக்காடு. கனடாவில் 2023இல் 15,343 பேர், 4.7 விழுக்காடு, இந்த இடத்தை எட்ட கனடாவுக்கு ஏழே ஆண்டுகள் ஆயின.

ஜூலை 6, காலை 7.50

நேற்றைய பதிவில் எண்களை அடுக்கிவிட்டேன். நான் எங்கிருந்து பேசுகிறேன் என்பதைச் சொல்லவில்லை. என் அத்தையைக் கணையப் புற்றுநோய் தின்ற ஏழு மாதங்களும் அவர் அருகில் இருந்தேன். நான்காம் மாதத்தில் ஒரே வாரத்துக்குள் மூன்று இரவுகள், ‘போதும்டா, என்னை அனுப்பி வெச்சிடு’ என்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டார். அது பிதற்றல் இல்லை. கண்ணைப் பார்த்துத் தெளிவாகக் கேட்டார். நான்காம் நாள் காலையில் தலையணையை உயர்த்தி வைக்கச் சொன்னார், நகம் வெட்டிவிடச் சொன்னார், நான் நகம் வெட்டும் விதத்தைக் கேலி செய்தார். அந்த வாரத்தில் யாராவது ஒரு படிவத்தை நீட்டியிருந்தால் அவர் கையெழுத்திட்டிருப்பார் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஹார்வி சோச்சினாவ் என்ற கனடிய உளமருத்துவரும் அவருடைய குழுவினரும் 1999இல் வெளியிட்ட ஆய்வில், இறுதிக்கட்டப் புற்றுநோயாளிகள் 168 பேரிடம் வாழும் விருப்பத்தைத் தொடர்ந்து அளந்தார்கள். பன்னிரண்டு மணி நேரத்துக்குள்ளேயே அந்த விருப்பம் பெரிதும் ஏறி இறங்கியது. ஆகவே என்னைக் கேட்டால் எல்லாப் பூட்டுகளிலும் பெரியது காத்திருப்புதான். ஓரிகன் சட்டம் வாய்மொழிக் கோரிக்கைகள் இரண்டுக்கும் இடையே 15 நாட்கள் வைத்தது. அது குறைவு என்றே சொல்வேன்.

ஜூலை 6, இரவு 9.05

சாட்சிகள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஓரிகனில் இருவரில் ஒருவராவது உறவினராகவோ, சொத்துக்கு உரியவராகவோ, சிகிச்சை நடக்கும் நிலையத்தின் ஊழியராகவோ இல்லாதவராக இருக்க வேண்டும். நல்ல விதிதான். ஆனால் சாட்சி பார்ப்பது கை நடுங்காமல் கையெழுத்திட்டதை; முந்தின இரவு பக்கத்து அறையில் மருத்துவச் செலவைப் பற்றி மகன்கள் இரைந்து பேசிக்கொண்டதை அவர் பார்ப்பதில்லை. வீடு விற்கும் பத்திரத்துக்குப் பொருந்துகிற காவலை இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். பத்திரத்திலாவது வில்லங்கம் பார்ப்பார்கள்.

ஜூலை 9, பிற்பகல் 3.30

ஓரிகன் சட்டம் நிபந்தனையாக வைக்கும் ‘ஆறு மாதத்துக்குள் இறந்துவிடுவார்’ என்பதை மருத்துவர் எப்படி அறிவார் என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். துல்லியமாக அறிவதில்லை. நிக்கலஸ் கிறிஸ்டாக்கிஸும் எலிசபெத் லமாண்டும் 2000இல் வெளியிட்ட ஆய்வில், இறுதிக்காலப் பராமரிப்புக்கு அனுப்பப்பட்ட 468 நோயாளிகளுக்கு அவர்களுடைய மருத்துவர்கள் கணித்த ஆயுளை, அவர்கள் உண்மையில் வாழ்ந்த காலத்தோடு ஒப்பிட்டார்கள். கணிப்பு சரியாக இருந்தது ஐந்தில் ஒருவருக்கு மட்டுமே. ஆனால் தவறு எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதைக் கவனியுங்கள்: மருத்துவர்கள் சராசரியாக ஐந்து மடங்குக்கு மேல் கூடுதலாகவே கணித்திருந்தார்கள். அதாவது, இன்னும் பல ஆண்டுகள் வாழக்கூடியவரை ஆறு மாதம் என்று எழுதித் தீர்த்துவிடுவது நடக்கக்கூடியதே என்றாலும், அதைவிட அடிக்கடி நடப்பது, ஆறு மாதம் இருக்கிறது என்று சொல்லப்பட்டவர் விண்ணப்பத்தை நிரப்பத் தொடங்குவதற்குள் இறந்துபோவது.

அந்த ஆய்வில் இருந்தவர்களில் பெரும்பாலோர் புற்றுநோயாளிகள். இதயச் செயலிழப்பும் நுரையீரல் நோயும் வேறு கதை. அவை படிப்படியாக இறங்குவதில்லை, விழுந்து எழுந்து விழுகின்றன. மூன்று முறை விடைபெற்றுவிட்டு நான்காம் முறை எழுந்து உட்கார்ந்து செய்தித்தாள் கேட்ட உறவினர் ஒருவர் எங்கள் குடும்பத்தில் உண்டு. கடைசியில் அவர் இறந்தபோது யாரும் நம்பவில்லை.

ஜூலை 10, இரவு 11.15

மனச்சோர்வைப் பற்றி எழுதாமல் இந்த இழை நகரக் கூடாது. லிண்டா கான்சினியும் உடனிருந்தவர்களும் 2008இல் வெளியிட்ட ஓரிகன் ஆய்வில், மரணத்துக்கு உதவி கேட்ட அல்லது அதுபற்றி விசாரித்த 58 நோயாளிகளைச் சந்தித்தார்கள். 15 பேருக்கு மனச்சோர்வுக்கான அறிகுறிகள் முழுமையாக இருந்தன. மருந்துச்சீட்டு பெற்ற 18 பேரில் 3 பேர் அந்த 15 பேரைச் சேர்ந்தவர்கள். மூவருமே மருந்தை உட்கொண்டு இறந்தார்கள். இத்தனைக்கும், தீர்மானிக்கும் ஆற்றலை மனநோய் பாதித்திருக்கலாம் என்று ஐயம் எழுந்தால் உளமருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஐயம் எழவேண்டும் என்பதுதான் அந்தப் பூட்டின் ஓட்டை. இறந்துகொண்டிருப்பவர் வாட்டமாக இருப்பதில் யாருக்கு ஐயம் எழும்?

ஜூலை 11, காலை 6.40

நேற்று இரவு எழுதியதைச் சற்றுத் தணிக்க வேண்டும். 18இல் 3 என்பது ஆறில் ஒன்று என்று மனம் உடனே கணக்குப் போடுகிறது; அவ்வளவு சிறிய எண்ணிக்கையை வைத்து விகிதம் சொல்லக் கூடாது. மேலும், மனச்சோர்வு இருப்பதனாலேயே ஒருவர் தீர்மானிக்கும் திறனை இழந்துவிட்டார் என்று ஆகாது. மனச்சோர்வு உள்ளவர்கள் அறுவை சிகிச்சைக்கு ஒப்புதல் தருகிறார்கள், நாம் ஏற்றுக்கொள்கிறோம். அந்த ஆய்வு காட்டுவது இவ்வளவுதான்: சிகிச்சையால் மாறக்கூடிய ஒன்று இருந்தது, அது வலையில் சிக்கவில்லை.

ஜூலை 13, மாலை 5.20

ஆறாம் தேதி எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். முழுவதையும் இல்லை, பாதியை.

அத்தையின் மருந்து நோட்டு என்னிடம் இருக்கிறது. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை தர வேண்டிய வாய்வழி மார்ஃபினை எப்போது தந்தோம், எவ்வளவு தந்தோம் என்று மாறிமாறி எழுதிவைத்த நோட்டு. என் வாதத்துக்கு வலுச் சேர்க்கலாம் என்ற நினைப்பில்தான் நேற்று அதை எடுத்தேன். அவர் கேட்ட மூன்று இரவுகளிலும், தூங்குகிறவரை எழுப்புவானேன் என்று நள்ளிரவு மருந்தை விட்டுவிட்டிருக்கிறோம். மூன்று முறையும் கடைசி மருந்து கொடுத்து ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. நான்காம் நாள் வந்துபோன செவிலியர், படுக்கும்போது தரும் அளவை மருத்துவரிடம் கேட்டு உயர்த்தியிருக்கிறார். அதுவும் என் கையெழுத்திலேயே இருக்கிறது. விருப்பம் ஏறி இறங்கியது என்று நான் மனத்தத்துவம் பேசிக்கொண்டிருந்தேன். ஏறி இறங்கியது மருந்து.

அப்படியென்றால் 15 நாட்களுக்குப் பதில் 30 நாட்கள் காத்திருக்க வைத்திருந்தாலும் என்ன ஆகியிருக்கும்? மருந்து சரியாகாத வரையில் அவர் 30 இரவுகளும் அதையே கேட்டிருப்பார், நாங்கள் அதை உறுதியான, மாறாத விருப்பம் என்று பதிவு செய்திருப்போம். காத்திருப்பின் பயன் அந்த நாட்களில் யார் வந்து என்ன செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. வெறும் நாட்களுக்குத் தனியே மதிப்பு கிடையாது.

ஜூலை 14, காலை 8.00

காத்திருப்புக்கு விலையும் உண்டு. 2020 முதல், 15 நாட்களுக்குள் இறந்துவிடுவார் என்று கருதப்படுகிறவருக்கு அந்தக் காத்திருப்பை ஓரிகன் தளர்த்தியிருக்கிறது. கனடாவின் 2016ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்த பத்து நாள் இடைவெளியும், மரணம் நெருங்கியவர்களைப் பொறுத்தவரை, 2021இல் நீக்கப்பட்டது. முதல் முறை இதைப் படித்தபோது பூட்டுகளைக் கழற்றுகிறார்கள் என்று கோபம் வந்தது. இப்போது பாதிக் கோபம்தான்.

ஜூலை 14, இரவு 10.50

கடைசி நொடி ஒப்புதல் என்ற பூட்டைப் பற்றி. இது இந்த விவாதத்திலேயே கடினமான இடம், ஆகவே சற்று நீளமாக எழுதுகிறேன்.

ஹாலிஃபாக்ஸில் வாழ்ந்த ஆட்ரி பார்க்கருக்கு மார்பகப் புற்றுநோய் மூளையின் உறை வரை பரவியிருந்தது. அவருக்கு அனுமதி கிடைத்துவிட்டது. ஆனால் அன்றைய கனடியச் சட்டப்படி, மருந்து செலுத்துவதற்குச் சற்று முன்பு நோயாளி தெளிந்த நினைவோடு மீண்டும் ஒருமுறை சம்மதம் சொல்ல வேண்டும். நினைவு தப்பிவிட்டால் அனுமதி செல்லாது. அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் வரை இருக்க விரும்பிய அவர், அதற்குள் தெளிவை இழந்துவிடுவோமோ என்று அஞ்சி, 2018 நவம்பர் 1 அன்று, தாம் விரும்பியதற்கு முன்னரே இறப்பதைத் தேர்ந்தெடுத்தார். தேர்ந்தெடுத்ததோடு, ஏன் என்பதையும் பொதுவெளியில் சொல்லிவிட்டுப் போனார். அவசரத்தைத் தடுப்பதற்கென்று வைத்த பூட்டு அவரை அவசரப்படுத்தியது. 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தில், மரணம் நெருங்கியவர்கள் முன்கூட்டியே எழுதிக்கொடுத்தால் இந்தக் கடைசிச் சம்மதத்தைக் கைவிடலாம் என்று ஆனது.

நியாயம்தானே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. அடுத்ததாக நெதர்லாந்தில் 2016இல் நடந்ததைப் படிக்க வேண்டும். அல்சைமர் நோய் முற்றிய 74 வயதுப் பெண்மணி. முன்பு எழுதிவைத்த ஆவணத்தில் மரணத்தை வேண்டியிருந்தார், ஆனால் காலம் வந்துவிட்டதென்று தாம் கருதும்போது என்ற பொருளும் அதில் இருந்தது. அவர் அப்படிக் கருதுகிறாரா என்று அறிய வழியில்லாத நிலை. மருத்துவர் அவருக்குத் தெரியாமல் காப்பியில் மயக்கமருந்து கலந்து கொடுத்தார். மருந்து செலுத்தும்போது அவர் எழ முயன்றார். குடும்பத்தார் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். சட்டம் வந்தபின் நெதர்லாந்தில் இதற்காக மருத்துவர் ஒருவர் மீது வழக்குத் தொடரப்பட்டது அதுவே முதல் முறை. 2019 செப்டம்பரில் ஹேக் நீதிமன்றம் அவரை விடுவித்தது. 2020 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும், முற்றிய மறதிநோயில் முன்கூட்டிய எழுத்தின் அடிப்படையில் மருத்துவர் செயல்படலாம் என்றது.

கடைசி ஒப்புதலைக் கட்டாயமாக்கினால் ஆட்ரி பார்க்கருக்கு நேர்ந்தது நேரும். கைவிட்டால், எழ முயல்கிற ஓர் உடலைப் பிடித்துக்கொண்டு, ‘இது அவர் முன்பு கேட்டதுதான்’ என்று சொல்ல வேண்டிவரும். எழ முயன்றவர் யார், எழுதிவைத்தவரா, வேறொருவரா? இரண்டையும் ஒரே விதியால் தடுக்க முடியும் என்று யாராவது சொன்னால், அவர் இவற்றில் ஒன்றை மட்டும்தான் படித்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். பார்க்கருக்கு இருந்தது வாரக்கணக்கு, அந்தப் பெண்மணிக்கு இருந்தது ஆண்டுக்கணக்கு. ஆகவே கனடா வைத்த எல்லை ஓரளவு பொருந்துகிறது என்பதுவரை வருகிறேன். அதற்கு மேல் என்னால் நகர முடியவில்லை.

ஜூலை 15, காலை 7.15

திருத்தம். நேற்று ‘ஒப்புதல்’ என்றும் ‘சம்மதம்’ என்றும் மாற்றி மாற்றி எழுதிவிட்டேன், பொருள் ஒன்றே. தூக்கம் வரவில்லை, எழுதிக்கொண்டே போய்விட்டேன்.

ஜூலை 18, பிற்பகல் 2.10

‘வலியைத் தாங்க முடியாமல்தானே கேட்கிறார்கள்?’ என்று ஒருவர். என் அத்தையின் மூன்று இரவுகளைப் பொறுத்தவரை ஆம். ஆனால் ஓரிகனின் ஆண்டறிக்கைகளில் வலி, அல்லது வலி வந்துவிடுமோ என்ற அச்சம், ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குத்தான் காரணமாகப் பதிவாகிறது. தம் வாழ்க்கை தம் கையை விட்டுப் போவதைத்தான் பத்தில் ஒன்பது பேர் அளவுக்குக் காரணமாகக் காட்டுகிறார்கள். குடும்பத்துக்குப் பாரமாக இருப்பதைப் பத்தில் நான்கு பேருக்கு மேல் சொல்கிறார்கள். இந்தக் காரணங்களைப் படிவத்தில் குறிப்பவர் மருத்துவர், நோயாளியில்லை என்பதையும் சேர்த்து நினைவில் வைக்க வேண்டும்.

‘பாரம்’ என்ற சொல்லை நான் எளிதில் கடக்க முடியவில்லை. ஒருவர் அச்சுறுத்தி அழுத்தம் தந்தால் இரண்டாம் மருத்துவர் அதைக் கண்டுபிடிக்க வாய்ப்பிருக்கிறது. யாரும் ஒரு சொல்லும் சொல்லாத வீட்டில், மருமகள் வேலையை விட்டதையும், பேரன் கூடத்தில் படுப்பதையும் படுக்கையிலிருந்து பார்த்துப் பார்த்து நோயாளி தாமே வந்து சேர்கிற முடிவை எந்த மருத்துவர் கண்டுபிடிப்பார்? அதைக் கட்டாயம் என்று சொல்ல முடியாது. முழு விருப்பம் என்றும் என்னால் சொல்ல முடியாது. மறுபுறம், தம் பிள்ளைகளுக்காக எதையாவது விட்டுக்கொடுப்பதை வாழ்நாள் முழுவதும் பெருமையாகச் செய்த ஒருவரிடம், இந்த ஒன்றில் மட்டும் பிள்ளைகளை நினைக்காதே என்று சொல்ல நாம் யார் என்ற கேள்வியும் எழத்தான் செய்கிறது.

கனடா இன்னும் ஒரு படி போனது. 2021 முதல் மரணம் நெருங்காதவர்களும், தீராத நோயோ உடற்குறைபாடோ தாங்க முடியாத துன்பம் தந்தால் விண்ணப்பிக்கலாம். மதிப்பீட்டுக்குக் குறைந்தது 90 நாட்கள். 2023இல் இந்த வழியில் இறந்தவர்கள் 622 பேர், மொத்தத்தில் 4.1 விழுக்காடு. சிறிய எண்தான். ஆனால் உதவியாளரும் தகுந்த வீடும் கிடைக்காத துன்பத்தை நோயின் துன்பத்திலிருந்து எப்படிப் பிரிப்பது என்பது அந்தச் சிறிய எண்ணுக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. குழு இந்த வழியை நீக்கும்படி 2025 மார்ச்சில் கனடாவிடம் கூறியது. இந்த ஒரு விஷயத்தில் நான் அக்குழுவின் பக்கம். மரணம் எப்படியும் வரப்போகிறவருக்கு அதன் நேரத்தை மாற்ற உதவுவது ஒன்று. வாழ்க்கையைத் தாங்கக்கூடியதாக ஆக்க வேண்டிய அரசே அதற்கு மாற்றாக இதை விரைவாகத் தர முன்வருவது வேறொன்று.

ஜூலை 19, காலை 9.30

‘சுவாசக் கருவியை நிறுத்துவதும் இதுதானே’ என்று கேட்டவருக்கு: இல்லை, முதல் பதிவில் சொன்ன முதல் வகை அது. ஆனால் பாதுகாப்பு நிபந்தனை பற்றி அங்கேயும் ஒரு பாடம் கிடைக்கிறது. இந்திய உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று முன்கூட்டிய மருத்துவ விருப்ப ஆவணத்தை ஏற்றபோது, அதில் நீதித்துறை நடுவர் மேலொப்பமிட வேண்டும், இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்க்க வேண்டும், இரண்டாவது குழுவை மாவட்ட ஆட்சியர் அமைக்க வேண்டும் என்று விதித்தது. ஒவ்வொன்றும் தனித்தனியே நியாயமானது. சேர்த்துப் பார்த்தால் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவருக்காக யாரும் ஏற முடியாத மலை. 2023 ஜனவரியில் அதே நீதிமன்றம் விதிகளைத் தளர்த்தியது: நோட்டரி அல்லது அரசிதழ் அலுவலர் சான்று போதும், குழுக்கள் இயன்றவரை 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். யாருமே பயன்படுத்த முடியாத ஒரு நடைமுறையில் தவறு நடக்காதுதான். அதைப் பாதுகாப்பு என்று கணக்கில் எழுதக் கூடாது.

ஜூலை 24, இரவு 9.45

பேச்சை யார் தொடங்குவது? ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2017இல் சட்டம் இயற்றி 2019 ஜூன் 19 அன்று நடைமுறைப்படுத்தியபோது 68 பாதுகாப்பு ஏற்பாடுகள் உண்டு என்று அரசு பெருமையோடு சொன்னது. (68ஐயும் மனப்பாடமாகச் சொல்லும் ஒருவரை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.) அவற்றில் ஒன்று, நோயாளி கேட்காமல் மருத்துவர் இப்பேச்சை எடுக்கவே கூடாது என்பது. கனடாவில், முன்னாள் படைவீரர் ஒருவர் வேறு உதவி கேட்டுப் பேசியபோது அரசு ஊழியர் தாமாகவே இந்த வழியைச் சுட்டிக்காட்டினார் என்ற செய்தி 2022இல் பெரும் சர்ச்சையானதை வைத்துப் பார்த்தால், விக்டோரியாவின் விதி அறிவார்ந்ததாகத் தெரிகிறது. அதிகாரத்தில் இருப்பவர் ஒரு வழியைப் பெயர் சொல்லிக் காட்டினாலே அது பரிந்துரையாகிவிடும்.

ஆனால் விக்டோரியாவில், வாய் திறந்து கேட்கத் தெரியாதவருக்கு, மொழி போதாதவருக்கு, மருத்துவரிடம் கேள்வி கேட்பதே மரியாதைக் குறைவு என்று வளர்ந்தவருக்கு, அந்தச் சட்டம் இல்லாததற்குச் சமம். என் அத்தை அந்த மூன்றாம் வகை. மருத்துவர் அறைக்குள் நுழைந்ததும் போர்வையைச் சரிசெய்துகொண்டு ‘நல்லா இருக்கேன் சார்’ என்பார்.

ஆகஸ்ட் 2, காலை 11.00

சரிபார்ப்பு எப்போது நடக்க வேண்டும், முன்பா பின்பா என்ற கேள்வி விடுபட்டுவிட்டது. நெதர்லாந்தில் ஐந்து வட்டாரக் குழுக்கள் ஒவ்வொரு மரணத்தையும் நடந்தபின் ஆராய்கின்றன. இறந்தவருக்கு அதனால் பயனில்லை. அடுத்தவருக்கு உண்டு, ஏனெனில் சிக்கலான நேர்வுகளைப் பெயர் நீக்கி வெளியிடுகிறார்கள். காப்பி விவகாரமே அப்படித்தான் வெளியே வந்தது. முன்கூட்டியே ஆராய்வதற்கான எடுத்துக்காட்டாக இங்கிலாந்தும் வேல்சும் இருந்தன: மசோதாவின் முதல் வடிவத்தில் உயர் நீதிமன்ற நீதிபதி அனுமதி தர வேண்டும் என்றிருந்தது, பிறகு அது சட்டவல்லுநர், உளமருத்துவர், சமூகப்பணியாளர் மூவர் குழுவாக மாறியது, 2025 ஜூன் 20 அன்று மக்களவையில் 314க்கு 291 என்று நிறைவேறியது. நீதிபதியை நீக்கியது பலவீனம் என்று பலர் எழுதினார்கள். எனக்கு அது முன்னேற்றமாகவே படுகிறது. நீதிபதி காகிதத்தைப் படிப்பார். நல்ல சமூகப்பணியாளர் வீட்டுக்குள் யார் எங்கே படுக்கிறார்கள் என்று கேட்பார்.

யாரும் நினைத்துப் பார்க்காத இடத்திலும் கதவு திறக்கும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் 2023இல், அனுமதி பெற்ற நோயாளி மருத்துவமனையில் இறந்துவிட, வீட்டில் பயன்படாமல் இருந்த மருந்தால் அவருடைய துணைவர் இறந்தார். மருந்தைத் திருப்பித் தர சட்டம் நாட்கணக்கில் அவகாசம் தந்திருந்தது. நோயாளியைச் சுற்றியே எல்லாப் பூட்டுகளும் இருந்தன. துக்கத்தில் தனியே இருந்தவரைப் பற்றி எந்த விதியும் யோசிக்கவில்லை.

ஆகஸ்ட் 3, மாலை 6.30

சட்டமே இல்லாவிட்டால் ஆபத்தும் இல்லை என்று எழுதியவருக்கு ஒரு தரவு மட்டும். நெதர்லாந்தில் சட்டம் வருவதற்கு முன், 1990இல் எடுத்த ஆய்வில், நோயாளி வெளிப்படையாகக் கேட்காமலேயே மருத்துவர் உயிரை முடித்த மரணங்கள் 0.8 விழுக்காடு. சட்டம் வந்தபின், 2005இல் 0.4. சட்டம்தான் குறைத்தது என்று நான் சொல்லவில்லை. மூடியிருந்த கதவுக்குப் பின்னாலும் ஆட்கள் இருந்தார்கள்.

ஆகஸ்ட் 9, இரவு 11.40

முதல் கேள்வியைக் கேட்டவர், நான் இன்னும் நேரடியாகப் பதில் சொல்லவில்லை என்கிறார். சரி. சாட்சிகளை எடுத்துவிடலாம், பெரிய இழப்பில்லை. இரண்டாம் மருத்துவரை வைத்துக்கொள்வேன், ஆனால் அவர் நோயாளியைக் குடும்பத்தார் இல்லாமல் தனியே, ஒருமுறைக்கு மேல், அதில் ஒருமுறை இரவில் பார்க்க வேண்டும். காத்திருப்புக் காலம் தொடங்குவதற்கு முன் வலித்தணிப்புச் சிகிச்சை உண்மையில் கைக்கு வந்திருக்க வேண்டும். கிடைக்கும் என்று சொல்வது போதாது. மரணம் நெருங்காதவர்களுக்கு இந்தக் கதவைத் திறக்க மாட்டேன். இவ்வளவையும் செய்தாலும் தவறு நடக்கும், இரண்டு பக்கமும் நடக்கும். ஒரு பக்கத் தவறுக்குப் பெயர், வழக்கு, நாளேடு எல்லாம் உண்டு. மறுபக்கத் தவறைப் பற்றிப் புகார் செய்ய யாரும் மிஞ்சுவதில்லை.

அத்தையைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் வைத்திருந்தேன். ஏழாம் மாதத்தில் அவர் மீண்டும் கேட்டார். இரவில் இல்லை, காலை பத்து மணிக்கு. மருந்து கொடுத்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது, வலி இல்லை, முகம் கழுவித் தலை வாரியிருந்தோம். என் மணிக்கட்டைப் பிடிக்கவில்லை. ‘இதுக்கு ஏதாவது வழி இருந்தா, டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்லு’ என்றார், பேருந்து நேரம் விசாரிப்பதுபோல். ‘அன்னிக்கும் இப்படித்தான் சொன்னீங்க, அப்புறம் சரியாயிடுச்சே அத்தை’ என்றேன். கேட்டிருந்தாலும் மருத்துவரால் எதுவும் செய்திருக்க முடியாது, சட்டம் இடம் தராது. ஆனால் நான் கேட்கவேயில்லை. அவர் என்னைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, சன்னல் திரையை இழுத்துவிடச் சொன்னார். அதன்பின் பத்தொன்பது நாட்கள் இருந்தார், எல்லாவற்றையும் பேசினார், இதை மட்டும் பேசவில்லை.

இன்று அந்த நாளின் பக்கத்தைத் தேடி எடுத்தேன். காலை ஒன்பது மணி மருந்து எழுதப்பட்டிருக்கிறது. அடுத்த வரி பிற்பகல் ஒரு மணி.